ரஞ்சிதத்தின் நாலு ‘ப’

ஒப்பாரிச் சத்தம் முதலில் ரஞ்சிதத்தின் காதில்தான் விழுந்தது. செஞ்சிக் கோட்டை மதிலுக்கு வெளியே, திருவண்ணாமலை ரோட்டை ஒட்டிய புளியந்தோப்பில் அவர்களுடைய ஆறு கூடாரங்கள் இருந்தன. அவள் தன் கூடாரத்துக்கு முன்னால் உட்கார்ந்து சிவப்புப் பாசியும் கருப்புப் பாசியும் மாற்றி மாற்றிக் கோத்துக்கொண்டிருந்தாள். ஆறு மாதம் கழித்து மகளைப் பார்க்க வந்திருந்த அவளுடைய அப்பா, பக்கத்தில் ஒரு சட்டி கவுதாரிக் கறியை வைத்துக்கொண்டு எலும்பை நிதானமாக உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

“யாரோ போயிட்டாங்க போலிருக்குது. பாவம்,” என்றார் அப்பா.

ரோட்டில் ஒரு கும்பல் வந்தது. முன்னால் தலைமுடியை விரித்துப் போட்டு மார்பில் அடித்துக்கொண்டு வந்தவள் ரஞ்சிதத்தின் தங்கை மீனம்பாள். அவளுக்குப் பின்னால் அவள் புருஷன், மாமியார், மூன்று பிள்ளைகள், இரண்டு நாய்கள். பனமலை ஏரிக்கரையிலிருந்து விடியலில் கிளம்பி, வழியெல்லாம் அழுதபடியே நடந்து வந்திருந்தார்கள். தோப்புக்குள் நுழைந்ததும் மீனம்பாளின் கண் அப்பாமேல் விழுந்தது. அழுகை பாதியில் நின்றது. வாய் மட்டும் திறந்தபடியே இருந்தது.

“நீ நல்லாத்தான் இருக்கியா?” என்று கேட்டாள்.

“ஏன், எனக்கு இன்னா?” என்றார் அப்பா, கையில் எலும்போடு.

மீனம்பாளுக்குக் கோபம் வந்துவிட்டது. பத்து மைலுக்கு மேல் அழுதவளுக்கு வராமல் என்ன செய்யும்? இடுப்பிலிருந்து ஒரு கடிதத்தை உருவி அக்காவின் மடியில் வீசினாள். “நீதானே போட்ட? இன்னா சொல்லிப் போட்ட?”

அது ரஞ்சிதம் போட்ட கடிதம்தான். தபாலாபீஸ் வாசலில் பெட்டி வைத்து உட்கார்ந்து, எழுதத் தெரியாதவர்களுக்குக் கடிதம் எழுதித் தரும் விநாயகத்திடம் சொல்லி எழுத வைத்தது. குடும்ப விஷயத்தை ஊரார் படிக்க வேண்டாம் என்று, தமிழில் சொல்லாமல், நரிக்குறவர்கள் தங்களுக்குள் பேசும் வாக்ரி பேச்சிலேயே சொன்னாள். விநாயகம் ஒவ்வொரு சத்தமாகக் கேட்டுத் தமிழ் எழுத்தில் எழுதினார். பனமலையில் டீக்கடைக்காரர் அதை உரக்கப் படித்தார். அவருக்குப் படிக்கத் தெரியும், ஒரு வார்த்தையும் புரியாது. மீனம்பாளுக்கு எல்லா வார்த்தையும் புரியும், படிக்கத் தெரியாது.

வாக்ரி பேச்சில் அப்பாவுக்கு ‘பாப்’ என்று பெயர். பஸ் என்று சொல்லும்போது உதடு எப்படி அழுந்துமோ அப்படி முதல் எழுத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பல் என்று சொல்வதுபோல லேசாகச் சொல்லிவிட்டால் அது அப்பா இல்லை; கேடு. தமிழ் எழுத்தில் பஸ்ஸுக்கும் பல்லுக்கும் ஒரே ‘ப’தான். டீக்கடைக்காரர் பல்லைப் போலப் படித்துவிட்டார்.

‘அப்பா வந்திருக்குது. ரெண்டு நாள்தான் இருக்கும். எல்லாரும் உடனே வாங்க’ என்று ரஞ்சிதம் சொல்லி அனுப்பியது, ‘கேடு வந்திருக்குது. ரெண்டு நாள்தான் இருக்கும். எல்லாரும் உடனே வாங்க’ என்று போய்ச் சேர்ந்திருந்தது. குடும்பத்தில் வயசானவர் அப்பாதான் என்பதால், கேடு அவருக்குத்தான் என்று மீனம்பாள் முடிவு கட்டிவிட்டாள்.

விஷயம் புரிந்ததும் தோப்பே சிரித்தது. மீனம்பாளின் மாமியார்தான் அதிகம் சிரித்தாள். வழியில் அதிகம் அழுததும் அவள்தான். ரஞ்சிதமும் சிரித்தாள். ஆனால் படுக்கப் போகும்வரை அந்தக் கடிதத்தை மடிப்பதும் விரிப்பதுமாகவே இருந்தாள். வாயில் இரண்டாக இருப்பது காகிதத்தில் ஒன்றாகிவிடுகிறது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. வியாபாரம் செய்கிறவள் அவள். பவழமும் சிவப்புக் கண்ணாடியும் ஒரே டப்பாவில் கிடந்தால் அவளுக்குக் கை சும்மா இருக்காது.

மறுநாள் காலையில் தபாலாபீஸ் வாசலுக்குப் போனாள்.

“சாமி, நீ எழுதின லெட்டர் எங்கப்பாவைக் கொன்னுடுச்சு.”

விநாயகம் பேனாவை மூடிவிட்டார். “இன்னாம்மா சொல்ற?”

அவள் சொன்னாள். அவர் தலைக்குமேல் கட்டியிருந்த குடை ஆடும்படி சிரித்துவிட்டு, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எனக்குக் கீறது ஒரு ப-தாம்மா. பஸ்ஸுன்னாலும் அதான், பல்லுன்னாலும் அதான். படிக்கிறவங்க இடம் பார்த்துப் புரிஞ்சிக்கணும்.”

“உங்க பேச்சுன்னா இடம் பார்ப்பாங்க. எங்க பேச்சுக்கு அவங்க எங்க போய் இடம் பார்க்கிறது?”

“அதுக்கு நான் இன்னா பண்ணட்டும்? உங்க பேச்சுக்கு எழுத்து கிடையாது.”

“ஏன் கிடையாது?”

விநாயகம் இருபது வருஷமாகக் கடிதம் எழுதுகிறவர். சாவு, கல்யாணம், நிலத் தகராறு, ஓடிப்போனவனுக்குக் கெஞ்சல் எல்லாம் எழுதியிருக்கிறார். இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. மூடிய பேனாவைத் திறந்தபடி, “யாரும் செய்யலை,” என்றார்.

“செஞ்சா ஆகுமா?”

“செய்யேன். யாரு தடுக்கப் போறாங்க?” என்று சொல்லிவிட்டு, காத்துக்கொண்டிருந்த அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் அவர் அதை மறந்துபோனார். ரஞ்சிதம் மறக்கவில்லை. எழுதத் தெரிந்தவரே செய்யலாம் என்று சொல்லிவிட்ட பிறகு அவளுக்கு வேறென்ன வேண்டும்? அது அறுபத்து மூன்றாம் வருஷத்து ஐப்பசி மாதம்.

முதலில் அவள் வார்த்தைக்கு ஒரு படம் போட்டாள். தோப்புக்குப் பின்னால், செஞ்சியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கிடக்கும் பெரிய பெரிய உருண்டைப் பாறைகளில் கரியால் எழுதினாள். நாய்க்கு நாய், ஊசிக்கு ஊசி. இரண்டு வாரத்தில் நூறைத் தாண்டிவிட்டது. அப்புறம்தான் சிக்கல் வந்தது. நாளைக்கு என்பதை எப்படி வரைவது? பொய் என்பதை?

அவள் புருஷன் பச்சைமுத்து, தோளில் கண்ணி வலையோடு அந்தப் பக்கம் வந்தவன், ஒரு படத்தின் முன்னால் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

“இது இன்னா, கவுதாரியா?”

“இல்ல. உன் தம்பி.”

பச்சைமுத்து இன்னும் கொஞ்சம் பார்த்தான். “கவுதாரியே இருக்கட்டும்,” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த மழை பாறைகளைச் சுத்தமாகக் கழுவிவிட்டது. திரும்ப எழுதலாம் என்று உட்கார்ந்தவளுக்கு நூற்றில் பாதிக்குமேல் நினைவு வரவில்லை. தானே போட்டது தனக்கே மறந்துபோனால் மீனம்பாளுக்கு எப்படி நிற்கும்? அந்த வழியை அன்றோடு விட்டாள். கரி அப்பிய கையைத் துடைத்துக்கொண்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வியாபாரத்துக்குப் போய்விட்டாள்.

வழி கிடைத்தது கார்த்திகை மாதத்தில், பாசிப் பெட்டி கவிழ்ந்த அன்று. பெட்டியை இடறியது அவளுடைய நாய். பத்து நிறப் பாசியும் ஒரே குவியலாகக் கலந்துவிட்டன. உட்கார்ந்து பொறுக்கத் தொடங்கினாள். தை மாதம் வீட்டில் ஒரு காது குத்து இருந்தது. யார் யாரைக் கூப்பிடுவது என்று சொந்தக்காரர் பெயரை ஒவ்வொன்றாக முணுமுணுத்தபடி, பெயருக்கு ஒரு பாசியாகப் பிரித்துப் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தாள்; கை நிறம் பார்த்துப் பிரிக்கவில்லை. உதடு ஒட்டும் பெயரெல்லாம் ஒரு குவியலில் கிடந்தன. நாக்கு பல்லைத் தொடும் பெயர்கள் வேறு குவியல். நாக்கு மேலே மடிந்து தொடுவது ஒன்று, அண்ணத்தில் அப்புவது ஒன்று, தொண்டையிலேயே பிறப்பது ஒன்று. ஐந்து குவியல்.

வேலையை நிறுத்திவிட்டு உதட்டுக் குவியலை மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒவ்வொரு பெயராகத் திரும்பச் சொன்னாள். பல்லில் வருகிற லேசான ‘ப’. அதையே மூச்சை ஊதிச் சொல்கிற ‘ப’. பஸ்ஸில் வருகிற அழுத்தமான ‘ப’. அதையும் மூச்சை ஊதிச் சொல்கிற ‘ப’. நாலு. பிறகு தொண்டைக் குவியலை எடுத்தாள். அதிலும் நாலு. பல்லுக் குவியலிலும் நாலு. எல்லாக் குவியலும் ஒரே மாதிரிதான் பிரிந்தது.

எழுந்து நின்றாள். மடியிலிருந்த பாசியெல்லாம் மறுபடியும் கொட்டியது. அதைப் பொருட்படுத்தாமல் ஓடினாள். பச்சைமுத்து வாய்க்கால் ஓரத்தில் கண்ணிக்கு நூல் முறுக்கிக்கொண்டிருந்தான்.

“உன் தொண்டையைப் பிடிச்சிக்கோ. பல்லுன்னு சொல்லு.”

“எதுக்கு?”

“சொல்லு. இப்ப பஸ்ஸுன்னு சொல்லு. எது சொல்றப்ப தொண்டை மொதல்ல அதிருது?”

பச்சைமுத்து பல்லு, பஸ்ஸு என்று நாலைந்து தடவை சொன்னான். வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். “பஸ்ஸுக்குத்தான் அதிருது,” என்றான். அவன் முகத்தில் பயம் தெரிந்தது. “எனக்கு ஒண்ணும் நோய் இல்லையே?”

“உனக்கு மட்டும் இல்ல. எல்லாத்துக்கும் அப்படித்தான்,” என்று சொல்லி ரஞ்சிதம் சிரித்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் சிரித்துப் பார்த்து வெகுநாள் ஆயிற்று என்று பச்சைமுத்துவுக்குத் தோன்றியது. அதனால் வேறு எதுவும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. வாயில் ஐந்து இடம், அதனால் ஐந்து வடிவம் போதும். உதட்டுக்கு வட்டம். பல்லுக்குச் சீப்பு. மடிந்த நாக்குக்குத் தூண்டில். அண்ணத்துக்கு வில். தொண்டைக்குக் கண்ணிச் சுருக்கு. எல்லாம் அவள் தினமும் கையில் எடுக்கும் சாமான்கள். சத்தம் அழுத்தமாக இருந்தால் உள்ளே ஒரு பொட்டு. மூச்சு ஊதினால் பின்னால் ஒரு வால். வெறும் வட்டம் பல்லின் ‘ப’; பொட்டு வைத்த வட்டம் பஸ்ஸின் ‘ப’. மூக்கில் வரும் சத்தங்களுக்கும், ய, ர, ல போன்றவற்றுக்கும் தனித்தனிக் குறி. அ, ஆ, இ என்று வாய் திறக்கிற விதத்துக்கு மேலே, கீழே, பக்கத்தில் கோடுகள். பங்குனி முடிவதற்குள் நாற்பத்தோரு எழுத்து ஆயிற்று. பாசி கோக்கும்போதும், குளத்தில் தண்ணீர் மொள்ளும்போதும், பஸ்ஸில் போகும்போதும் அவள் விரல் முழங்காலில் எழுதிக்கொண்டே இருந்தது.

பச்சைமுத்துவைப் படிக்கக் கூப்பிட்டபோது அவன் வரவில்லை. “எனக்கு எதுக்கு? கொக்கு என்ன, எழுதிக் காட்டினாத்தான் விழுமா?” என்றான். ரஞ்சிதம் வற்புறுத்தவில்லை. தினமும் காலையில் கூடாரத்துக்கு முன்னால் மண்ணில் ஒரு வரி எழுதுவாள், அதைப் பார்த்துத் தனக்குள் சிரிப்பாள், பிறகு காலால் அழித்துவிட்டு வேலைக்குப் போவாள். மூன்று நாள் பச்சைமுத்து பொறுத்தான். நாலாம் நாள், “இன்னா அது?” என்று கேட்டான்.

ஒன்பது நாளில் கற்றுக்கொண்டான். பத்தாம் நாள் மண்ணில் இருந்ததைத் தானாகவே, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தான்: ‘பச்சைமுத்து விடற கொறட்டையில நாய் எழுந்துடுச்சு.’ இத்தனை நாளும் இதைத்தான் எழுதிச் சிரித்தாளா என்று அவனுக்குக் கோபம் வரப் பார்த்தது. ஆனால் படித்துவிட்டோம் என்ற பெருமை முந்திக்கொண்டது. அந்த வரியை அழிக்க விடாமல் சாயங்காலம்வரை காவல் இருந்து, வந்தவர் போனவருக்கெல்லாம் படித்துக் காட்டினான்.

சித்திரையில் வந்த மீனம்பாள் பத்து நாள் தங்கிக் கற்றுக்கொண்டு போனாள். அவள் போட்ட முதல் தபால் கார்டை, தபால்காரர் தோப்புக்குக் கொண்டுவரும் வழியிலேயே நேராகவும் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்துவிட்டார். விலாசம் தமிழில் இருந்தது. மறுபக்கம் ஓர் எழுத்தும் அவருக்குப் பிடிபடவில்லை.

“இதுல இன்னாம்மா போட்டிருக்குது?” என்று கேட்டுக்கொண்டு நின்றார்.

ரஞ்சிதம் படித்தாள். வாய்விடாமல், வரிக்கு வரி விரல் வைத்தே படித்தாள். ‘அக்கா, நாங்க நல்லா இருக்கோம். அப்பா வந்திருக்குது. அப்பாதான், பொட்டு வெச்ச வட்டம். இந்த டீக்கடைக்காரர் டீயில தண்ணிதான் அதிகம். விலாசம் அவர்தான் எழுதித் தரார். இப்ப எதிர்லதான் உட்கார்ந்திருக்கார்.’

“எல்லாரும் சௌக்கியமாம்,” என்றாள் தபால்காரரிடம்.

அறுபத்து ஐந்தாம் வருஷம் தை பிறந்தபோது, செஞ்சியைச் சுற்றியிருந்த கூடாரங்களில் இருபது முப்பது பேர் அந்த எழுத்தைப் படித்தார்கள். ரஞ்சிதம் கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடையின் பக்கச் சுவரை ஒட்டி நிரந்தரமாக இடம் பிடித்திருந்தாள். கிருஷ்ணாயில் டின் ஒன்றை வெட்டித் தட்டி நிமிர்த்தி, அதில் பச்சை வர்ணத்தால் தன் எழுத்தில் எழுதி, சுவரில் ஆணி அடித்து மாட்டினாள். கடைத்தெருவில் எல்லாருக்கும் போர்டு இருந்தது, அவளுக்கும் இருந்தது.

அந்தத் தை மாதக் கடைசியில் ஊர் ஊராக ஹிந்தி எதிர்ப்பு நடந்துகொண்டிருந்தது. கல்லூரிகளை மூடிவிட்டார்கள். விடுதியிலிருந்து ஊருக்கு வந்த மாணவர்கள் தார்ச்சட்டியோடு புறப்பட்டு, எங்கெல்லாம் ஹிந்தி எழுத்து இருந்ததோ அங்கெல்லாம் பூசினார்கள். செஞ்சியில் அப்படிப் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். மணிலாக் கடலை பயிரிடும் குடும்பத்துப் பிள்ளையான தனகோட்டி அவர்களுக்கு முன்னால் நின்றான். காலையில் தபாலாபீஸ் போர்டை முடித்துவிட்டுக் கடைத்தெருவுக்குள் வந்தவர்களுக்கு, பச்சை எழுத்துப் போர்டு கண்ணில் பட்டது.

“இங்க ஒண்ணு கீதுடா,” என்றான் ஒருவன். தார் மட்டை மேலே எழும்பியது.

ரஞ்சிதம் எழுந்து போர்டுக்கு முன்னால் நின்றுகொண்டாள். “இன்னா சாமி பண்ற?”

“தள்ளும்மா. ஹிந்தியை அழிக்கிறோம்.”

“இது ஹிந்தி இல்ல.”

“அப்புறம் இன்னா?”

“எங்க எழுத்து. வாக்ரி.”

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. தனகோட்டி சிரிக்கவில்லை, அவன் எல்லாவற்றையும் முறையாகச் செய்கிற பையன். “படி, பார்ப்போம்,” என்றான்.

அவள் திரும்பி, விரல் வைத்துப் படித்தாள். பாதியிலேயே ஒருவன் குறுக்கே வந்தான். “டேய், நாலு க வருது, நாலு ப வருது. இது ஹிந்தி மாதிரியே கேக்குதுடா.”

“ஹிந்திதான் எங்க பேச்சு மாதிரி கேக்குதுன்னு சொல்லு,” என்றாள் ரஞ்சிதம். “என் வாயில நாலு இருக்குது. ஒண்ணை வெச்சிக்கினு மூணைத் துப்பிடணுமா?”

மளிகைக் கடைக்காரர் வெளியே வந்துவிட்டார். சாமான் வாங்க வந்தவர்களும் நின்றார்கள். யாரோ, போஸ்ட்மாஸ்டருக்கு ஹிந்தி தெரியும், நாக்பூரில் வேலை பார்த்தவர் என்று சொன்னார்கள். ஆள் போயிற்று. போஸ்ட்மாஸ்டர் சம்பந்தம் மூக்குக் கண்ணாடியைக் கையில் பிடித்தபடி, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு வந்தார்.

“காலையில என் போர்டுக்குத் தார் பூசினீங்க. இப்ப என்னையே சாட்சிக்குக் கூப்பிடுறீங்க. நல்லா இருக்குது தம்பி.”

“ஐயா மன்னிக்கணும். இது ஹிந்தியான்னு மட்டும் சொல்லுங்க,” என்றான் தனகோட்டி.

சம்பந்தம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போர்டைப் பார்த்தார். கிட்டே போய்ப் பார்த்தார். பின்னால் தள்ளி நின்று பார்த்தார். இத்தனை பேர் தன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவருக்குப் பிடித்திருந்ததுபோல் இருந்தது.

“ஹிந்தி இல்ல,” என்றார் கடைசியில். “ஹிந்தி எழுத்தெல்லாம் மேல ஒரு கோட்டுல துணி காயப் போட்ட மாதிரி தொங்கும். இது தரையில நிக்குது. நான் நாலு மொழி எழுத்து பார்த்திருக்கேன், இது அதுல எதுவும் இல்ல.” ரஞ்சிதத்தின் பக்கம் திரும்பினார். “உன் பேருக்கு வர்ற கார்டெல்லாம் இந்த எழுத்துதானா? நாங்க ஆபீஸ்ல ரெண்டு வாரம் மண்டையை உடைச்சிக்கினு இருந்தோம்.”

“யாரு உனக்கு இதைக் கொடுத்தது?” என்று தனகோட்டி கேட்டான்.

“கொடுக்கறதுக்கு யாரு இருக்காங்க? நான்தான் செஞ்சேன்.”

தார் மட்டை கீழே இறங்கியது. தனகோட்டி அவளையும் போர்டையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் அப்போது கல்லூரியில் தமிழ்தான் படித்துக்கொண்டிருந்தான். எழுத்தின் பிறப்பிடம், முயற்சி என்றெல்லாம் மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியவன். அது ஒருத்தி பாசிப் பெட்டி முன்னால் உட்கார்ந்து செய்கிற காரியம் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை.

“என் பேரை எழுத முடியுமா?” என்றான். ‘நீ’ என்று இதுவரை பேசியவன் இப்போது, “எழுதுங்க,” என்று முடித்தான்.

“சொல்லு சாமி.”

“தனகோட்டி.”

“நீ தர்மம்னு சொல்ற மாதிரி சொல்ற. அப்ப சீப்புக்குள்ள பொட்டு.” அவள் மண்ணில் எழுதினாள்.

“இல்லல்ல, இவன் பேரு தயிர்ல வர்ற த-தான்,” என்றான் பக்கத்தில் நின்றவன். “நான் சின்ன வயசிலிருந்து அப்படித்தான் கூப்பிடுறேன்.”

“நீ தப்பாக் கூப்பிட்டுக்கினு இருந்திருக்கடா.”

“உங்க அம்மாவே அப்படித்தான் கூப்பிடுது.”

தனகோட்டி தன் பெயரைத் தானே மூன்று தடவை சொல்லிப் பார்த்தான். மூன்றாவது தடவை அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ரஞ்சிதம் சிரித்துக்கொண்டே, பொட்டு வைத்து ஒன்றும் வைக்காமல் ஒன்றும் எழுதிவிட்டு, “அம்மாவைக் கேட்டு எது வேணுமோ எடுத்துக்கோ சாமி,” என்றாள். அப்புறம் கூட்டத்தில் ஒருவன் பாக்கியில்லாமல் பெயர் எழுதச் சொன்னார்கள். மளிகைக் கடைக்காரர் எழுதச் சொன்னார். சம்பந்தம் போகிற போக்கில் கேட்பதுபோலக் கேட்டு, எழுதியதை ஒரு பழைய கவர்மேல் வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

கிளம்பும்போது தனகோட்டிக்கு ஒரு யோசனை வந்தது. திண்டிவனத்துப் பையன்களும் இந்தப் பக்கம் வரப்போகிறார்கள். அவர்களுக்கு யார் விளக்குவது? போர்டில் இருப்பதைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டான். அவள் சொல்லச் சொல்ல, தார் மட்டையால் போர்டுக்குக் கீழே சுவரில் பெரிய எழுத்தில் எழுதினான்:

‘ஊசி, பாசி, சீப்பு. வாக்ரி ஜனங்கள் யார் வந்தாலும் இங்கே கேட்கவும். கூடாரம் இருக்கும் இடம் சொல்லப்படும். இது ஹிந்தி அல்ல.’

மளிகைக் கடைக்காரர் அது தன் சுவர் என்பதைக் கடைசி வரிக்கு அப்புறம்தான் உணர்ந்தார். ஆனால் அந்த வாரம் முழுக்க வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அவர் கடையில் ஏதாவது வாங்கிக்கொண்டு போனதால் சும்மா இருந்துவிட்டார்.

ஒரு மாதம் கழித்து மாசி அமாவாசை வந்தது. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் மயானக் கொள்ளைத் திருவிழா. செஞ்சியிலிருந்து ஸ்பெஷல் பஸ் நிமிஷத்துக்கு ஒன்றாகப் போயிற்று. எந்தக் கூட்டத்திலும் வியாபாரம் உண்டு என்பதால் நரிக்குறவர்கள் எல்லாத் திசையிலிருந்தும் வந்திருந்தார்கள். ரஞ்சிதமும் பச்சைமுத்துவும் வேப்பமரத்து நிழலில் துணி விரித்துக் கடை போட்டார்கள். நல்ல வெயில். உடுக்கைச் சத்தமும் பம்பைச் சத்தமும் காதை அடைத்தன.

அவர்களுக்கு நாலு துணி தள்ளி, ஒரு பெண் காது குடையும் கம்பியும் ஊக்கும் விற்றுக்கொண்டிருந்தாள். ரஞ்சிதத்தின் வயதுதான் இருக்கும். தங்கள் ஜனம்தான், ஆனால் ரஞ்சிதம் பார்த்ததில்லை. அவள் பெட்டிமேல் சுண்ணாம்பால் நாலு வரி எழுதியிருந்தது. ரஞ்சிதம் தற்செயலாகப் பார்த்தாள். வட்டம், சீப்பு, கண்ணி. அவளுடைய எழுத்து. யாரென்றே தெரியாத ஒருத்தியின் பெட்டிமேல் அது உட்கார்ந்திருந்தது.

அவள் எழுந்து போய்ப் படித்தாள். முதல் வரி வந்தது. இரண்டாவது வரியில் நின்றுவிட்டாள். வில்லின் நுனியில் ஒரு கொக்கி போட்ட எழுத்து ஒன்று இருந்தது. அப்படி ஓர் எழுத்தை அவள் செய்யவே இல்லை. மூன்றாவது வரியிலும் அது இருந்தது.

“இது தப்பு,” என்றாள்.

அந்தப் பெண் நிமிர்ந்தாள். “எது?”

“இந்தக் கொக்கி. இப்படி ஒரு எழுத்து கிடையாது.”

“யார் சொன்னது? எங்க ஆரணிப் பக்கத்துல எல்லாரும் இப்படித்தான் எழுதறோம். உங்க பக்கம் அந்தச் சத்தத்தை முழுங்கிடுவீங்க. நாங்க சொல்லுவோம். அதுக்கு எழுத்து இல்லாம இருந்தது, போட்டுக்கிட்டோம்.” அந்தச் சத்தத்தைச் சொல்லிக் காட்டினாள். பல்லிடுக்கில் காற்றுப் போவதுபோல மெல்லிசாக வந்தது. ரஞ்சிதத்தின் மாமியார் வழிக் கிழவி ஒருத்தி அப்படிப் பேசிக் கேட்ட நினைவு வந்தது.

“யாரைக் கேட்டுப் போட்டீங்க?”

“யாரைக் கேக்கணும்?”

ரஞ்சிதத்துக்குச் சுருக்கென்று ஏறியது. ஒரு வருஷத்துக்கு மேல் முழங்காலில் எழுதி எழுதித் தேய்ந்த விரல் அவளுடையது. “இதைச் செஞ்சவங்களைக் கேக்க வேணாமா?”

“அவரை எங்க போய்க் கேக்கறது?” என்றாள் அந்தப் பெண் சாதாரணமாக. “செஞ்சிக்கு அந்தாண்ட ஒரு பெரியவர் செஞ்சாராம். இவ்வளவு நீளத்துக்குத் தாடியாம். மலைமேல குகையில இருந்தாராம்.”

பின்னாலேயே வந்து நின்ற பச்சைமுத்துவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அங்கேயே உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு குலுங்கினான். ரஞ்சிதம் அவனை முறைத்தாள். முறைத்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்கும் உதடு இழுத்தது.

“அந்தத் தாடிக்காரர் நான்தான்,” என்றாள்.

அந்தப் பெண் அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். “அப்படியா. நான்தான்னு நான் சொன்னா நீ நம்புவியா?”

“மாட்டேன்,” என்று ரஞ்சிதம் ஒப்புக்கொண்டாள்.

“அதான்.” அந்தப் பெண் பெட்டியை நகர்த்தி, உட்கார இடம் விட்டாள். அவள் பெயர் வள்ளியம்மாளாம். ஆரணிக்குப் பக்கத்தில் மட்டும் நாற்பது பேர் எழுதுகிறார்களாம். போளூரில் சிலர் வாலை மேல்நோக்கிப் போடுகிறார்களாம். அதை மட்டும் தன்னால் பொறுக்க முடியவில்லை என்றாள். “எழுத்துன்னா அது அது இருக்கற மாதிரி இருக்க வேணாமா?” என்று கோபமாகக் கேட்டாள். ரஞ்சிதம் அதை முழுமனதோடு ஆமோதித்தாள். இருவரும் போளூர்க்காரர்களைக் கொஞ்ச நேரம் திட்டினார்கள். பச்சைமுத்து மூன்று டீ வாங்கிக்கொண்டு வந்தான்.

டீ குடித்து முடித்ததும் ரஞ்சிதம் சுண்ணாம்புக் கட்டியைக் கையில் எடுத்தாள். “அந்தக் கொக்கியை எப்படிப் போடறது, காட்டு.”

வள்ளியம்மாள் போட்டுக் காட்டினாள். ரஞ்சிதம் பெட்டியின் ஓரத்தில் போட்டுப் பார்த்தாள். இரண்டாவது தடவை போட்டாள்.

“உள்பக்கமா மடக்கு,” என்றாள் வள்ளியம்மாள். “நீ தூண்டில் மாதிரி போடற.”

மூன்றாவது தடவை சரியாக வந்தது.